கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்

காலை இட்லிக்காக மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு அருண்டேல் தெரு பழக்கமான தெரு. உள்ளே இடம் காலியாகும்வரை வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதே தெருவில்தான் பேயாழ்வார் அவதரித்த கிணறு இருக்கிறது. செவ்வல்லி மலர் ஒன்றில் அவர் தோன்றினார் என்பது வைணவ மரபு. ஐப்பசிச் சதயம் அவருடைய திருநட்சத்திரம். வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று மருமகளோ பேத்தியோ என்னிடம் கேட்டால், சமையல் குறிப்புக்கு முன்னால் இந்த ஆழ்வாரின் கதையைத்தான் சொல்வேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த குறுகலான இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். ஒதுங்க இடம் கேட்டு ஒருவர் வருகிறார். வந்தவர் பூதத்தாழ்வார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று சொல்லிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இன்னொருவர். இந்த முறை நம் மயிலாப்பூர்க்காரர். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று சொல்லி உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றார்கள். முன்பின் அறியாத மூன்று பேர் இருட்டில் ஒட்டி நின்றபோது நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிந்தது. வந்து நின்றவர் பெருமாள். மூன்று திருவந்தாதிகளும் அந்த இரவில் பிறந்தவை என்பார்கள். ஆளுக்கு 100 பாசுரம். மூன்றாவது அந்தாதி பேயாழ்வாருடையது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கதை எனக்குப் போதும். அன்றிரவு யாரும் யாருக்கும் சோறு போடவில்லை, பாய் விரிக்கவில்லை. போடவும் விரிக்கவும் அங்கே ஒன்றும் இல்லை. முன்னால் வந்தவர் தன் சௌகரியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான். ஒரு வீடு வருகிறவர்களுக்கு இதமாக இருப்பது எதனால் என்று கேட்டால், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய நான் சொல்லக்கூடியது இதுதான்: வந்தவருக்காக அந்த வீட்டில் யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்கள். பெரிய கூடம், நல்ல சோபா, பத்து வகைச் சமையல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திண்ணையும் ஸ்டூலும்

கல்யாணமாகி நான் மயிலாப்பூருக்கு வந்தபோது மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் நிறையவே இருந்தன. எங்கள் வீட்டிலும் வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை. காவி பூசிய தரை, தாழ இறங்கிய ஓட்டுச் சரிவு, சாய்ந்துகொள்ள மரத்தூண். ஒரு கோடியில், படுப்பவர் தலை வைத்துக்கொள்ளத் தரையோடு சேர்த்தே கட்டிய திண்டு. வீட்டுக்காரருக்குப் படுக்க உள்ளே இடம் இருந்தது. அந்தத் திண்டு, வீடு கட்டியவருக்கு முகம்கூடத் தெரியாத வழிப்போக்கர்களுக்காக.

பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவர். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் நாள் இரவே வந்து சேர்கிறவர்கள் எந்த வீட்டுத் திண்ணையிலும் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. விடிந்ததும் என் மாமியார் ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். "யார், எந்த ஊர்?" என்ற விசாரணை அதற்கப்புறம்தான்.

திண்ணையை நினைத்து உருகுகிறவர்கள் அதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். அது இடம் கொடுத்த மாதிரியே எல்லையும் போட்டது. திண்ணையோடு சிலரை நிறுத்திவிடுவார்கள், ரேழியைத் தாண்ட விடமாட்டார்கள். இன்னும் சிலரைத் திண்ணையில் ஏறவே விட்டதில்லை; தெருவில் நிற்க வைத்துக் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். சாதி பார்த்து நகர்ந்த வீடுகள் நிறைய இருந்தன. ஆகவே அந்தக் காலம் போல வருமா என்று நான் பெருமூச்சு விட மாட்டேன். வழிப்போக்கருக்குத் திண்டு கட்டிய மனதை எடுத்துக்கொள்ளலாம். யார் ஏறலாம் என்று கணக்குப் பார்த்த மனதை அங்கேயே விட்டுவிடலாம்.

எண்பதுகளிலிருந்து அந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஃப்ளாட்டுகளாக மாறின. இப்போது எங்கள் தெருவில் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வாட்ச்மேன், பதிவேட்டில் கையெழுத்து, பிறகு லிஃப்ட், பிறகு கிரில் கேட். பாதுகாப்பு வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிரில் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே பாதிப் பேச்சை முடித்துவிடுகிற பழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது.

என் யோசனை சின்னது. கதவை ஒட்டி, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றலாம். கைக்குழந்தையோடு வருகிறவள் பையை இறக்கி வைக்கலாம். மூன்று மாடி ஏறி வந்த கூரியர் பையன், நீங்கள் கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நிமிடமாவது உட்காரலாம். தண்ணீர் வேண்டுமா என்று அவனையும் கேளுங்கள். சித்திரை வெயிலில் அதைக் கேட்கிற வீடு எது, கேட்காத வீடு எது என்று நம் தெருவுக்கு வருகிற அத்தனை பையன்களுக்கும் தெரியும்.

இடம் முதலில், இலை பிறகு

அறுபத்து மூவர் உற்சவத்தில் பல்லக்குகளில் வருகிற நாயன்மார்கள் எல்லோரும் பாடியவர்கள் அல்ல. பாட்டே எழுதாமல், வந்தவர்களுக்கு இலை போட்டதற்காகவே அந்த வரிசையில் இடம் பிடித்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இளையான்குடி மாறர். வறுமை வந்த பிறகு ஒரு மழை இரவில் சிவனடியார் ஒருவர் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். எரிக்க விறகில்லாமல் கூரைக் கழிகளை வெட்டிக் கொடுக்கிறார். முழுக்க வளராத கீரையைப் பறித்துவந்து கொடுக்க, அவர் மனைவி அதையே பலவகைக் கறியாகச் சமைக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விதைநெல்லையும் கூரையையும்தான் பெரிதாகச் சொல்வார்கள். பெரிய புராணத்தில் சேக்கிழார் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். நனைந்து வந்தவரின் ஈரத்தை முதலில் துடைத்துவிட்டு, இருக்க இடம் கொடுத்தார் மாறர். என்ன சமைப்பது என்று கணவனும் மனைவியும் கவலைப்பட்டது அதன் பிறகு. வரிசையைக் கவனியுங்கள்: துண்டு, இடம், பிறகு சாப்பாடு. நம் வீடுகளிலோ வந்தவர் உட்காரும் முன்பே "காப்பியா, டீயா, ஹார்லிக்ஸா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பாவம், அவர் லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சந்துகளில் சுற்றி, வண்டி நிறுத்த இடம் தேடி வேர்த்து வந்திருப்பார். அவருக்கு அப்போது வேண்டியது ஃபேன், ஒரு டம்ளர் தண்ணீர், முகம் கழுவ இடம், இரண்டு நிமிட அமைதி.

சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மயிலாப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? ஞானசம்பந்தர் இங்கே பாடிய பூம்பாவைப் பதிகத்தில் இந்த ஊரின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக வரும் அந்தப் பட்டியல், அடியார்களுக்கு அமுது படைப்பதில்தான் தொடங்குகிறது. இதையெல்லாம் காணாமலே போவாயோ என்று பூம்பாவை என்ற இறந்துபோன பெண்ணைக் கேட்கும்போது, அவர் முதலில் காட்டுவது சோறு போடுகிற காட்சியை. ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த ஊருக்கு அன்னமிடுவது ஒரு திருவிழா.

அந்தத் திருவிழாவில் அடுப்படியில் நின்றவள் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் நகர்ந்தவள்

என் மாமியார் கை மணத்தை மெச்சாதவர்கள் எங்கள் உறவில் இல்லை. தேர் பார்க்க வந்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மார்கழிக் கச்சேரிக்கு வந்தவர்கள் என்று வருஷம் முழுவதும் பந்தி. "அன்னபூரணி" என்று புகழ்ந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு ஊஞ்சலுக்குப் போவார்கள். அன்னபூரணி சாப்பிடும்போது மணி நான்காகியிருக்கும். ரசம் ஆறியிருக்கும், கறி தீர்ந்திருக்கும். அவர் சாப்பிட்டாரா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்ட முதல் ஆள் அவருடைய தம்பிதான். கும்பகோணத்திலிருந்து வருவார். ஒருநாள் இலை போட்டதும் உட்காராமல், "அக்கா, நீயும் உட்காரு. எல்லாத்தையும் நடுவுல வெச்சிடு. வேணுங்கிறவன் எடுத்துப் போட்டுக்கட்டும்" என்றார். மாமியார் சிரித்து மழுப்பினார். தம்பி விடவில்லை. "நீ உட்கார்ற வரைக்கும் நான் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று தூணில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு மாமியார் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்தார். மோர் ஊற்றியது மாமனார். பாதி இலைக்கு வெளியே போனது, அது வேறு விஷயம்.

அந்த மாமாவிடமிருந்து நான் தெரிந்துகொண்டது, விருந்தாளிக்கும் நகர வேண்டிய கடமை உண்டு என்பது. வீட்டுக்காரர் நகர்ந்து இடம் கொடுக்கிறார். வந்தவரும் தன் பங்குக்கு நகர்ந்தால்தான் கணக்குச் சரியாக வரும். ஒரே ஆள் காலமெல்லாம் நகர்ந்துகொண்டே இருந்தால் அது விருந்தோம்பலே இல்லை, அந்த ஒருத்தியின் உழைப்பு. அவள் முகத்தில் களைப்பு ஏறிய பிறகு வீடு எப்படி இதமாக இருக்கும்? எத்தனை அடக்கினாலும் பாத்திரம் வைக்கிற சத்தத்தில் அது வெளியே வந்துவிடும். வந்தவருக்கும் கேட்கும்.

இதற்கு வழி, சமையலைச் சுருக்குவது. ஒரு குழம்பு, ஒரு கறி, ரசம், மோர் போதும். பொரிக்க அப்பளம் இருக்கவே இருக்கிறது. மாலையில் வருகிறவர்களுக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மயிலாப்பூரில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் சூடாக ஏதாவது கிடைக்கும். காளத்தி கடை ரோஸ்மில்க்கைக் குடிக்க மாட்டேன் என்று சொன்ன விருந்தாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடையில் வாங்கிவந்ததைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மிச்சமாகிற ஒரு மணி நேரத்தை வந்தவரோடு உட்கார்ந்து பேசுவதில் செலவழியுங்கள். அவர் வந்தது அதற்காகத்தான். ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நண்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறவன்தான் காப்பி போட வேண்டும் என்ற சட்டம் எங்கள் வீட்டில் இப்போது அமலில் இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்தில் நண்பர்கள் அடுப்படிக்கே வந்துவிடுகிறார்கள். பேச்சு அங்கேதான் நன்றாக இருக்கிறது.

தனி டம்ளர்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை, 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018லேயே இதைச் செய்துவிட்டது. தி.நகர் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டிய பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நமக்கு நாற்காலி போட்டார்கள், குளிர்பானம் கொடுத்தார்கள், அந்தப் பெண் நின்றாள். அவளும் உட்காரட்டும் என்று சொல்ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் கடையோடு நின்றுவிடுகிறது. நம் வீட்டுக்குள் அதற்கு அதிகாரம் இல்லை, அங்கே மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர். பாத்திரம் தேய்க்க, பெருக்கித் துடைக்க வருகிற பெண் காப்பியை எங்கே உட்கார்ந்து குடிக்கிறாள்? பால்கனியிலா, பின்கட்டுப் படியிலா, நின்றபடியா? அவளுக்கென்று சமையல் மேடை ஓரத்தில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கிறதா? கொலுவுக்கு அலங்காரம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிற நல்ல வீடுகளில்கூட அந்த டம்ளரைப் பார்க்கிறேன். தினமும் வருகிற ஒருத்திக்கு இடம் இல்லாத வீட்டில், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருக்குக் கொடுக்கிற இடம் வெறும் ஜோடனை. அதே டம்ளரில் காப்பி, அதே நாற்காலி. இதற்குப் பணம் செலவில்லை. வீட்டுக் குழந்தைகள் இதைப் பார்த்துத்தான் மனிதர்களை எடை போடக் கற்றுக்கொள்கிறார்கள்.

கொலுவைச் சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைத்ததும் எங்கள் ஃப்ளாட்டில் பெரிய இடமாற்றம் தொடங்கும். சோபா படுக்கையறைக்குப் போகும், டி.வி. மூலைக்கு ஒதுங்கும், படி கட்டக் கூடத்தில் இடம் பிறக்கும். ஒன்பது நாளும் யார் வேண்டுமானாலும் தரையில் ஜமக்காளத்தில் வந்து உட்காரலாம். பத்தாம் நாள் சோபா திரும்பி வந்ததும் வீடு பழையபடி சுருங்கிவிடுகிறது. பொம்மைகளுக்காக ஒரு வீடு இவ்வளவு நகர முடியும் என்றால் மனிதர்களுக்காகவும் முடியும். ஜமக்காளத்தை மட்டும் பரணில் ஏற்றாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்பதாவதாக வருகிற விருந்து

திருவள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தவர் என்பது செவிவழியாக வருகிற நம்பிக்கை. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அருகில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். அதற்கு முன்னால் இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை. விருந்தோம்பல் முடிந்ததும் இனியவை கூறல். கணவன் மனைவி, பிள்ளைகள், அவர்களுக்குள் அன்பு என்று உள்ளே எல்லாம் சரியான பிறகுதான் வள்ளுவர் வாசல் கதவைத் திறக்கிறார் என்று எனக்குத் தோன்றும். வந்தவரைப் பார்த்து முகம் மாறினாலே அவர் வாடிவிடுவார் என்று எச்சரித்து அதிகாரத்தை முடிக்கிறார்.

அந்த எச்சரிக்கை வீட்டு மனிதர்களுக்கும்தான். ஓ.எம்.ஆரில் வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்குப் பிள்ளை வருகிறான். கதவு திறக்கிற சத்தம் கேட்டும் யாரும் ஃபோனிலிருந்து தலை தூக்குவதில்லை. "சாப்பாடு டேபிள்ல இருக்கு" என்று ஒரு குரல். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தால் எல்லோரும் எழுந்திருப்போம். இது என்ன நியாயம்? பெற்ற பிள்ளைக்கு வரவேற்பு வேண்டாம், அவன் வீட்டு ஆள்தானே என்று நினைக்கிறோம். வெளியிலிருந்து வருகிற யாருக்கும், அது அவரவர் சொந்த வீடே ஆனாலும், தன் வரவை ஒருவர் கவனித்தார் என்பது வேண்டியிருக்கிறது. எழுந்து போகக்கூட வேண்டாம். "வந்துட்டியா? மழையா?" என்று தலை தூக்கிக் கேட்டால் போதும்.

அடுத்தது, வீட்டில் இருக்கும் என்னைப் போன்ற கிழங்கள். விருந்தாளி வந்ததும் தாத்தாவை உள்ளறைக்கு நகர்த்திவிடுகிற வீடுகள் உண்டு. சொன்னதையே திரும்பச் சொல்வார், இருமுவார், வந்தவரிடம் சம்பளம் கேட்பார் என்று பயம். நான் நகரச் சொல்வது இந்த மாதிரி இல்லை. அவருடைய நாற்காலி கூடத்திலேயே இருக்கட்டும். சம்பளம் கேட்டால் கேட்கட்டும், வந்தவரும் சிரித்துக்கொண்டே சமாளிப்பார். ஒரு வீடு தன் முதியவரை எங்கே உட்கார வைத்திருக்கிறது என்பதைப் பார்த்ததும், இங்கே நமக்கும் இடம் உண்டா இல்லையா என்பது வந்தவருக்குப் புரிந்துவிடும்.

முதியவர்களும் தங்கள் பங்குக்கு நகர வேண்டும். மருமகளின் தோழிகள் வந்தால் நான் வணக்கம் சொல்லி, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். அவர்களுக்கும் அவர்கள் கூடம் வேண்டும். குழந்தைகளை "ஆன்ட்டிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று பிடித்து இழுக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் கொண்டுவருவது, வந்தவரின் சாமான்களை எடுத்து வைப்பது, குளியலறை எங்கே என்று காட்டுவது. தான் வரவேற்றோம் என்ற பெருமை அந்தக் குழந்தைக்கு வரும்.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் முதல் வாரத்தை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டோம். அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கல்யாண மண்டபம் என்று கதவுகள் திறந்தன. முகம் தெரியாதவர்களை, எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று முகவரி போட்டு அழைத்தார்கள். எங்கள் ஃப்ளாட்டுக்குக் கோட்டூர்புரத்து உறவுக் குடும்பமும், அவர்களோடு அதே கட்டிடத்தில் இருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத இன்னொரு குடும்பமும் வந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. இருந்த அரிசியில் ரசம் சாதம். என் கணவர் கட்டிலை அவர்கள் வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தார். படுத்தவர், உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்தே தூங்கியவர் என்று அந்த நாட்கள் போயின. அந்தப் பாட்டி பல வருஷம் கழித்தும், என்ன சாப்பிட்டோம் என்று ஒருநாளும் பேசியதில்லை. கட்டிலைப் பற்றித்தான் பேசுவார்.

அப்படிப்பட்ட ஊருக்கே 2019 கோடை வேறொரு பாடம் வைத்திருந்தது. சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அப்போது வருவதாகச் சொன்ன உறவினர்களிடம், இப்போது வேண்டாம், மழை வந்ததும் வாருங்கள் என்று சொன்னோம். அதில் தவறில்லை. உடம்பு முடியாத நாளில், பரீட்சை நடக்கிற வீட்டில், கையில் காசில்லாத மாதக் கடைசியில் முடியாது என்று சொல்லலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாருங்கள் என்பதைவிட, இன்று முடியவில்லை, அடுத்த வாரம் வர முடியுமா என்று கேட்பது மரியாதை.

தங்க வருகிறவர்களுக்கு நான் செய்வது சிலதுதான். வெளிநாட்டிலிருந்து மார்கழிக்கு வருகிறவர்கள் நடுராத்திரியில் விழித்துக்கொள்வார்கள். வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, காப்பிப் பொடி எங்கே, பால் எங்கே, அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டிவிடுவேன். கீசர் சுவிட்ச், காய்ந்த துண்டு, ஃபோன் சார்ஜ் போடும் இடம், மருந்து வைக்க ஒரு சின்ன மேஜை. எதையும் கேட்டு வாங்க வேண்டியிராத வீட்டில் வந்தவருக்குக் கூச்சம் போய்விடும். கூச்சம் போனவர் தானே எழுந்து பாத்திரத்தை அலம்பி வைப்பார். அதைத் தடுக்காதீர்கள், அவரும் நகர்ந்து நமக்கு இடம் கொடுக்கிறார் என்று அர்த்தம். கிளம்பும்போது லிஃப்ட் கதவோடு நிறுத்திக்கொள்ளாமல் தெரு வரைக்கும் இறங்கிப் போங்கள். ஆட்டோ கிளம்புகிற வரையில் நில்லுங்கள்.

கடைசியாக, இளையவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற ஒரு சாக்கு. "வீட்டுக்கு பெயின்ட் அடிச்சதும் கூப்பிடறோம் பாட்டி", "சோபா மாத்தினதும் கூப்பிடறோம்", "குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும்." பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் குழாய் ஒழுகும். சோபா வருவதற்குள் கூப்பிட நினைத்தவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், இல்லை உலகத்தை விட்டே போய்விடுவார். வருகிறவர் சுவரைப் பார்க்க வருவதில்லை. துணி மடிக்காமல் நாற்காலியில் கிடந்தால் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், உங்களை நம்பியவர் உட்காருவார். ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஒருவரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கே கூப்பிடுங்கள். என்ன சமைப்பது என்பதைச் சனிக்கிழமை ராத்திரி யோசித்துக்கொள்ளலாம்.